வெளுக்காத இடம்

மிசோகுச்சி இவாவோவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. யாய்சு துறைமுகத்தில் மூன்று தலைமுறையாகச் சூரைமீன் பிடித்த வீட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் அப்பாவின் படகில் ஏற்றினார்கள். துறையின் தடுப்புச் சுவரைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். இன்னும் இரண்டு முறை ஏற்றிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை அப்பாவே படகைத் திருப்பிக்கொண்டு வந்து அவரை இறக்கிவிட்டுப் போனார்.

அந்தக் கதை ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இவாவோவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. மீன் சந்தை வழியாக நடந்தால் யாராவது ஒருவர், பெயரோடு மரியாதைக்குச் 'சான்' சேர்த்தே, குரல் கொடுக்காமல் இருப்பதில்லை.

"இவாவோ சான், இன்னிக்குக் காத்து ஜாஸ்தி. சுவத்தப் பிடிச்சுக்கிட்டே போங்க."

"முதல்ல உன் படகுல இருக்கற ஓட்டைய அடைடா" என்பார் இவாவோ. நிற்கமாட்டார்.

கரையில் செய்ய ஒரு வேலை வேண்டும் என்று ஷிசுவோகா நகரத்துக்குப் போய் ஒரு படச்சட்டக் கடையில் சேர்ந்தார். ஏழு வருடம் இருந்தார். திரும்பி வந்து சந்தைக்குப் பின்தெருவில், முடிதிருத்தும் கடையை ஒட்டி, சொந்தமாகக் கடை போட்டார். மீன்பிடி ஊரில் சட்டம் போட என்ன இருக்கிறது என்று கேட்டவர்களே முதலில் வந்தார்கள். பெரிய மீன் பிடித்தவன் அதன் உடம்பில் மை பூசி, மேலே தாளை அழுத்தி எடுத்து, செதில் செதிலாகப் பதிந்த அச்சை ஈரத்தோடு தூக்கிக்கொண்டு வந்தான். பள்ளிச் சான்றிதழ்கள் வந்தன. கோயிலில் தந்த சாமித் தாள்கள், மாமனாரின் தூரிகை எழுத்து, கிழிந்த விசிறியில் மிஞ்சிய ஓவியம். எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தவை இறந்தவர்களின் படங்கள். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் மருத்துவருக்குச் சொல்வார்கள், பிறகு துறவிக்கு, மூன்றாவதாக இவாவோவுக்கு. சடங்கு தொடங்குமுன் கறுப்புச் சட்டத்துக்குள் முகம் வந்தாக வேண்டும். சில முகங்கள் அவருக்குச் சட்டத்தின் அளவோடு சேர்ந்துதான் ஞாபகம் வரும்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போட்ட எதையும் திரும்ப எடுக்க முடிய வேண்டும். பசை என்றால் கோதுமை மாவில் காய்ச்சியது. தண்ணீர் பட்டால் விட்டுவிடும். ஆணி படத்தைத் தொடாது. பின்பலகையைப் பிடித்துக்கொள்ளும் சிறிய பித்தளைத் தகடுகளை அந்தத் தொழிலில் தும்பி என்று சொல்வார்கள். நடுவில் திருகாணி, இரண்டு பக்கமும் இறக்கை. தும்பிகளைத் திருப்பினால் பலகை கையோடு வந்துவிடும். எல்லாம் முடிந்து, கொண்டுவந்தவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பின்பக்கம் காகிதப் பட்டை ஒட்டி மூடுவார். ஒட்டும்முன் "சரியா?" என்று ஒரு முறை கேட்பார். வீட்டில் சோறு போடும்போதுகூட மனைவி சயோகோ அதே குரலில் "சரியா?" என்று கேட்டு அவரைக் கேலி செய்வாள்.

காப்புப் பைகளை மட்டும் அவர் ஊர்க்காரர்களிடமிருந்து வாங்குவதில்லை. உள்ளங்கையில் பாதி இருக்கும் பட்டுப் பை, வாயில் வெள்ளைக் கயிறு, உள்ளே சாமி பெயர் எழுதிய தாள். அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. ஒரு வருடம் காக்கும். வருடம் முடிந்தால் கோயிலில் திருப்பிக் கொடுத்து, ஜனவரி பதினைந்தாம் தேதி கடற்கரையில் மூட்டும் தீயில் சேர்க்க வேண்டும். தோக்கியோவிலிருந்து வருகிறவர்கள் பத்து ஊர்ப் பைகளை வரிசையாகச் சட்டத்தில் கேட்பார்கள். போட்டுத் தருவார். ஊர்க்காரர் யாராவது கொண்டுவந்தால், "வருஷம் முடிஞ்சிடுச்சா? அப்ப எங்கிட்ட எதுக்கு? கோயிலுக்குக் கொண்டு போங்க" என்று அனுப்பிவிடுவார்.

அந்த ஜனவரி எட்டாம் தேதி ஓயிகாவா தமாயோ கடைக்கு வந்தார். கையில் அலுமினியச் சோற்று டப்பா. பள்ளிப் பிள்ளைகள் எடுத்துப் போகிற அளவு. அதை மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே மடித்த கைக்குட்டை. கைக்குட்டைமேல் கருநீலப் பை. அலை போட்ட நெசவு, பொன் நூலில் கடல் பயணக் காப்பு என்ற எழுத்து.

யாருடையது என்று இவாவோ கேட்கவில்லை. போன மே மாதம் தமாயோவின் மகன் நவோதோவின் படத்துக்குச் சட்டம் போட்டது அவர்தான். இருபத்துநான்கு வயது. முந்தைய ஆகஸ்டில் சூரைப் படகில் போனவனை, மார்ச்சில் தென்கடலில், தூண்டில் கயிறு இழுக்கும்போது அலை கொண்டுபோய்விட்டது. ஆறு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"இதுக்கு பிரேம் போடணும்" என்றார் தமாயோ.

"வருஷம் முடிஞ்சிடுச்சே, தமாயோ சான்."

"தெரியும்."

"பதினஞ்சாம் தேதி கரையில தீ மூட்டுவாங்க."

"அதனாலதான் இன்னிக்கே வந்தேன்."

உள்ளேயிருந்து சயோகோ தேநீர் கொண்டுவந்து வைத்தாள். டப்பாவைப் பார்த்ததும் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"கென்சாகு சானுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சா இந்நேரம் பிடுங்கிட்டுப் போயிருப்பாரு." தமாயோ கோப்பையைத் தொடவில்லை. "அவன் கெளம்பின அன்னிக்கு வெளியில வண்டி வந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டு தோள்லயும் பை. ஷூ கயிறு கட்டணும்னு இத எடுத்து செருப்பு அலமாரி மேல வெச்சான். கட்டினான். ஓடிட்டான். சாயங்காலம் நான் கடைக்குக் கெளம்பறப்பதான் பாத்தேன். மறந்துட்டுத்தான் போனானா, நமக்கு இருக்கட்டும்னு வெச்சுட்டுப் போனானா? யார்கிட்ட கேக்கறது?"

தமாயோ கைக்குட்டையின் மடிப்பைச் சரிசெய்தார்.

"அலமாரி மேலயே இருந்துச்சு. எடுக்கல. சுத்தித் துடைப்பேன், அதத் தொடமாட்டேன். இப்ப தூசி ஏறிடுச்சு. கண்ணாடிக்குள்ள வெச்சுக் குடுங்க, இவாவோ சான். அவனோடதுன்னு அந்த வீட்ல அவன் கை கடைசியாத் தொட்டது இது ஒண்ணுதான்."

இவாவோ முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டப்பா இங்கே இருக்கட்டும் என்றார். தமாயோ போன பிறகு சயோகோ, "எப்பவும் சொல்ற மாதிரி கோயிலுக்குக் கொண்டு போங்கன்னு சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

"நீ சொல்லிப் பாக்க வேண்டியதுதானே."

"நான் ஏன் சொல்றேன். கடை உங்களோடது."

மறுநாள் காலை தமாயோவின் கணவர் கென்சாகு வந்தார். உள்ளே வருமுன்பே வாசனை வந்தது. முன்பு படகில் இருந்தவர். முதுகு போன பிறகு மாசிக் கருவாட்டுப் புகைக்கூடத்தில் வேலை. ஓக் விறகுப் புகை அவர் தலைமயிரை விட்டுப் போவதே இல்லை.

"கரைக்காரரே" என்றார். "செருப்பு அலமாரி காலியா இருக்கு. எம் பையன் சாமான் உங்ககிட்டதான் இருக்கணும்."

"இருக்கு. உக்காருங்க."

"உக்கார வரல. குடுங்க."

இவாவோ டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். கென்சாகு திறக்கவில்லை. டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த, பாதி உரிந்த ரயில் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"சடங்கு அன்னிக்கு நீங்களும் வந்திருந்தீங்க" என்றார். "எல்லா வீட்லயும் என்ன நடக்கும்? எரிச்சு முடிச்சப்புறம் ரெண்டு ரெண்டு பேரா நின்னு குச்சியால எலும்பு பொறுக்குவாங்க. பானையில போடுவாங்க. எங்கப்பாவுக்கு நான் பொறுக்கினேன். எனக்கு அவன் பொறுக்கியிருக்கணும். அன்னிக்கு நாங்க என்ன பண்ணோம்? சடங்கு முடிஞ்சுது, நேரா வந்து பீர் குடிச்சோம். பானை காலியா இருக்கு, இவாவோ சான். துறவி ஒரு கூழாங்கல் போட்டுக்கோங்கன்னாரு. கல்லு எனக்கு என்ன உறவு?"

"தமாயோ சான்..."

"அவளுக்கு வெச்சுக்க ஒண்ணு வேணும். புரியுது. எனக்கு எரிக்க ஒண்ணு வேணும். அவன் துணியில ஒண்ணு கேட்டேன், தரமாட்டேங்கறா. இதுக்காவது நியாயம் இருக்கு. வருஷம் முடிஞ்ச காப்பு. தீக்குப் போக வேண்டியது. நான் ஊர் முறைப்படிதானே கேக்கறேன்?"

முறை அவர் பக்கம்தான் இருந்தது. இவாவோ தலையசைத்தார். ஆனால் டப்பாவை அவர் பக்கம் தள்ளவில்லை.

"பதினஞ்சுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றார்.

"எதுக்கு?"

"ஒண்ணு காட்டணும்."

கென்சாகு போன பிறகு இவாவோ கடையின் அடி இழுப்பறையைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் கீழே, கறுப்புத் தாளில் சுற்றி, ஒரு துணி இருந்தது. சயோகோ கதவருகே வந்து நின்றாள்.

"ஐயோ, அதையா?"

கடை போட்ட இரண்டாவது வருடம் அது. ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் விசிறி ஓவியம் கொண்டுவந்தார். பின்னணிக்கு இவாவோ குசும்பப்பூவில் சாயம் தோய்த்த பட்டைத் தேர்ந்தெடுத்தார். அப்படி ஒரு இளஞ்சிவப்பை அவர் அதுவரை கண்டதில்லை. குசும்பச் சாயம் வெயிலுக்கு நிற்காது என்று தொழில் கற்ற இடத்தில் சொல்லியிருந்தார்கள். மறந்து போனாரா, அழகில் மயங்கினாரா என்று அவருக்கே தெரியாது. கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடி. தலைமையாசிரியர் அதைத் தெற்கு ஜன்னல் எதிரே மாட்டினார். ஒரு கோடையில் பட்டு வைக்கோல் நிறமாகிவிட்டது. திறந்து விசிறியை எடுத்தபோது அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், ஒவ்வொரு மடிப்பும் தெரிய, முழு விசிறியாகச் சிவந்து நின்றது. இவாவோ நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். வேறு துணி போட்டுக் கொடுத்தார். தலைமையாசிரியர் அதன்பின் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் நாலு பேர் கேட்க, "வெயில் வருது, இவாவோவ நிழல்ல உக்கார வைங்க" என்பார்.

அதற்குப் பிறகு வெளுக்கவைக்கும் கதிரைத் தடுக்கும், கண்ணாடிபோல் தெளிவான தகடு இல்லாமல் இவாவோ எதற்கும் சட்டம் போட்டதில்லை. அந்தத் துணியைத் தூக்கிப் போடவும் இல்லை.

"ஊர்ல எல்லாரும் பாராட்டுப் பத்திரத்த வெச்சிருப்பாங்க. நீங்க அவமானத்தச் சுருட்டி வெச்சிருக்கீங்க" என்பது சயோகோவின் பழைய பேச்சு. இன்று அதைச் சொல்லவில்லை. இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள். அன்று வாங்கிய பட்டில் மிச்சம் இரண்டு முழம், அதே கறுப்புத் தாளில், நிறம் மாறாமல் இருந்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அன்னிக்குத் தெரியாம செஞ்சீங்க. இப்பத் தெரிஞ்சே செய்யப் போறீங்க."

"ஆமா."

"வெளுக்கலன்னா?"

"வெளுக்கும்."

"தமாயோ சான் மனசு மாறி, அப்புறம் பையத் தரமாட்டேன்னா?"

"அப்ப பை சட்டத்துக்குள்ளயே இருக்கும்."

"கென்சாகு சான் உங்கள கடல்ல தூக்கிப் போட்டுடுவாரு."

"படகுல ஏத்தினாலே போதும். அவருக்கு வேலை மிச்சம்."

மறுநாள் ஓயிகாவா வீட்டில், தாழ்மேசைமேல் இவாவோ இரண்டு துணிகளையும் விரித்தார். அந்த விசிறித் தடத்தை வாடிக்கையாளர் யாருக்கும் அவர் காட்டியதில்லை. எப்படி நடந்தது என்று சொன்னார். யாருடைய தப்பு என்றும் சொன்னார். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். பை ஒரு வருடம் இந்தப் பட்டின்மேல், தெற்கு ஜன்னலுக்கு எதிரே இருக்கட்டும். அடுத்த ஜனவரி பதினைந்து அன்று எடுத்துத் தீயில் சேர்க்கலாம். அது இருந்த இடம் துணியில் நிற்கும்.

கென்சாகு விசிறியின் மடிப்புகளை விரலால் எண்ணுவதுபோலத் தொட்டுக்கொண்டிருந்தார். தமாயோ தொடவில்லை.

"கறையா?" என்றார். "எம் பையனோடத எரிச்சுட்டு, எனக்கு ஒரு கறையா?"

"கறை இல்ல, தமாயோ சான். கறைன்னா வெளியிலருந்து வந்து ஏறுறது. இது துணியோட சொந்த நிறம். சுத்தி இருக்கறது போயிடும். பை மறைச்ச இடத்துல மட்டும் போகாது."

"அதுக்குள்ள நூல் இருக்கா? தாள் இருக்கா? அவன் தொட்டானா அத?"

"இல்ல."

"அப்புறம்?"

இவாவோ துணிகளைச் சுருட்டத் தொடங்கினார். கென்சாகு அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரு வருஷம் காத்திருக்கேன்" என்றார் மனைவியிடம். "இந்தப் பதினஞ்சுக்கு வேணாம். அடுத்த பதினஞ்சு."

"அடுத்த பதினஞ்சுக்கு நான் ஒத்துக்கறேன்னு இன்னிக்குச் சொல்லமாட்டேன்."

"சொல்ல வேணாம்."

"அன்னிக்கு மாட்டேன்னா மாட்டேன்தான்."

கென்சாகு இவாவோவின் கையை விட்டார். "சரி" என்றார்.

இவாவோ ஆழமான பெட்டிச் சட்டம் செய்தார். மரம் ஹினோக்கி, வண்ணம் பூசாதது. பட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய திண்டு வைத்து உயர்த்தி இழுத்துப் பொருத்தினார், பை அதன்மேல் படிந்து உட்கார வேண்டும் என்று. பை துணியை விட்டு விலகி நின்றால் ஓரம் மங்கிவிடும். மேலே ஒரு மூங்கில் முளை. பையை அதன் சொந்தக் கயிற்றிலேயே தொங்கவிட்டார். தையல் இல்லை, பசை இல்லை. முன்பக்கம் சாதாரணக் கண்ணாடி. அதை வெட்டும்போது தப்பு செய்கிற கூச்சம் கையில் இருந்தது. இரண்டு முறை பிசகாக வெட்டி, மூன்றாவது துண்டுதான் பொருந்தியது. பின்பலகைக்கு எட்டுத் தும்பிகள். காகிதப் பட்டை ஒட்டவில்லை.

தெற்கு அறையில் மாட்டினார்கள். கென்சாகு அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரும்படி சாப்பாட்டு மேசையில் இடம் மாறிக்கொண்டார். வருடம் முழுவதும் அப்படியே.

ஏப்ரலில் தமாயோவைச் சந்தையில் பார்த்தபோது, "ஓரமெல்லாம் வெளிற ஆரம்பிச்சிருக்கு" என்றார். புகார் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஜூன் மாதம் ஒரு காலை நில அதிர்வு. பெரிதல்ல, இவாவோ கடையில் சாய்த்து வைத்திருந்த சட்டக் கம்புகள் சரிந்தன, சயோகோ அடுப்பை அணைத்தாள், முடிந்தது. பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது.

"சாஞ்சிருக்கு" என்றார் தமாயோ. "அன்னிக்கு ஆடினதுல கயிறு நழுவியிருக்கு. இன்னிக்குத்தான் பாத்தேன். நான் தொடல."

இவாவோ சைக்கிளில் போனார். பை இடப்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்து சரிந்திருந்தது. பின்பலகையைக் கழற்றிக் கயிற்றைப் பழைய இடத்தில் வைத்தார். வைத்ததும் அவருக்கு ஒன்று புரிந்தது. பத்து நாள் வெயில் வேறொரு இடத்தில் விழுந்திருக்கிறது. ஓரம் கெட்டுப்போயிருக்கும். இதை முன்பே யோசித்து ஒரு இழை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். சொன்னார்.

"விடுங்க" என்றார் தமாயோ. "இப்ப நேரா இருக்கில்ல?"

கோடை கடுமையாக இருந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் வெயிலைத் திட்டினார்கள். இவாவோ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு முறை கென்சாகு கடைப்பக்கம் வந்து, உள்ளே வராமல், "அவ என்ன சொல்வாளோ, தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது."

"எனக்கும் தெரியல. கேக்கவும் முடியல. கேட்டா மாட்டேன்னுடுவாளோன்னு இருக்கு." போகத் திரும்பினார். "பானையத் தெனமும் துடைக்கறேன். காலிப் பானைய."

ஜனவரி பதினைந்து தெளிவாக விடிந்தது. ஃபுஜி மலை அடிவரை தெரிந்தது. இவாவோ கருவிப் பையில் கதிர் தடுக்கும் அந்தத் தகட்டில் ஒன்றை அளவாக வெட்டி வைத்தார். காகிதப் பட்டைச் சுருளும் வைத்தார்.

"குடுப்பாங்கன்னு அவ்வளவு நிச்சயமா?" என்றாள் சயோகோ.

"குடுக்கலன்னாலும் பின்பக்கம் மூடணும்ல."

அவள் சிரிக்கவில்லை. அவர் கழுத்துத் துணியைச் சரி செய்து அனுப்பினாள்.

ஓயிகாவா வீட்டில் கென்சாகு ஏற்கெனவே ஷூ மாட்டிக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தார். உள்ளே தமாயோ சட்டத்தின் முன் நின்றிருந்தார். இவாவோ வந்து நின்றும் திரும்பவில்லை. சுற்றிலும் பட்டு நெல்வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது. பையின் நீலமும் சற்று வெளுத்திருந்தது. பைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

நடையிலிருந்து கென்சாகு இருமும் சத்தம் கேட்டது.

"தெறங்க" என்றார் தமாயோ.

இவாவோ சட்டத்தை இறக்கி மேசைமேல் கவிழ்த்தார். எட்டுத் தும்பிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். பலகையைப் பட்டோடு சேர்த்துத் தூக்கி, நிமிர்த்தி வைத்தார். பையை அவர் தொடவில்லை. "நீங்களே எடுங்க" என்றார்.

தமாயோ கயிற்றை முளையிலிருந்து விடுவித்தார். பை உள்ளங்கைக்கு வந்தது. அதை அவர் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தார்.

இளஞ்சிவப்பில் ஒரு பை நின்றது. தோள்கள் இரண்டும் சரிந்து, வாய் சுருங்கி, அடி அகன்று. மேலே கயிறு மெல்லிய கோடாக முளைவரை போனது. முடிச்சு மட்டும் கொஞ்சம் மங்கல். இடது ஓரத்தில் இன்னொரு ஓரம், அதைவிட வெளிறியதாக, ஒரு விரற்கடை தள்ளி விழுந்திருந்தது.

"கயிறுகூட விழுந்திருக்கு" என்றார் தமாயோ.

"ஆமா."

பிறகு தமாயோ உள்ளே போய்ச் சோற்று டப்பாவைக் கொண்டுவந்தார். கைக்குட்டையை விரித்து, பையை வைத்து, மூடினார். நடைக்குப் போய் இரண்டு கையாலும் கணவரிடம் நீட்டினார்.

"மறந்துடாம எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கென்சாகு டப்பாவை வாங்கிக் கோட்டுக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "நீ வரல?" என்றார்.

"இல்ல. நான் இங்க இருக்கேன்."

அவர் போனார். தமாயோ மேசைக்கு வந்து உட்கார்ந்தார். இவாவோ பழைய கண்ணாடியைக் கழற்றி, புதுத் தகட்டைப் பொருத்தினார். இனி எந்த ஜன்னலில் வைத்தாலும் அவ்வளவு சீக்கிரம் நிறம் போகாது. பலகையை வைத்துத் தும்பிகளைத் திருப்பினார். காகிதப் பட்டைச் சுருளை எடுத்து, திரும்பக் கருவிப் பைக்குள் வைத்தார். இன்னொருவரும் பார்க்க வேண்டும். ஜன்னலில், கூரைகளுக்கு மேல், கடற்கரைப் பக்கம் புகை எழுந்தது. முதலில் வெள்ளையாக, பிறகு கறுத்து.

கென்சாகு ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கோட்டில் சாம்பல். கையில் காலி டப்பா. எப்போதும் வரும் புகைவாசனையோடு வேறொரு புகையும் சேர்ந்திருந்தது.

"எரிஞ்சுதா?" என்றார் தமாயோ.

"எரிஞ்சுது. கோயில் ஆள் ஒருத்தன், பிளாஸ்டிக்கெல்லாம் அந்தப் பக்கம் போடுங்கன்னு கத்திக்கிட்டே இருந்தான். எங்கிட்ட வந்து டப்பாவயும் கேட்டான். அறைஞ்சிருப்பேன்."

"சீக்கிரமாவா எரிஞ்சுது?"

"இல்ல. கயிறு முதல்ல போச்சு. பை கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் உள்ள இருந்து பத்துச்சு." கோட்டுப் பைக்குள் கைவிட்டார். "நான் கடைசி வரைக்கும் நின்னேன். அடங்கினப்புறம் அது கெடந்த பக்கமா ஒரு பிடி அள்ளினேன். எது யாரோடதுன்னு இல்ல. பானையில போட்டுடலாம்."

கோட்டுப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட துணியை எடுத்து மேசைமேல் வைத்தார். தமாயோ அதன்மேல் கை வைத்தார். எடுக்கவில்லை.

பிறகுதான் கென்சாகு சட்டத்தைப் பார்த்தார். ஒரு வருடத்தில் முதல் முறை. குனிந்து, மூக்கு கிட்டத்தட்ட தகட்டில் படும்வரை போய்ப் பார்த்தார்.

"இங்க ஏன் ரெண்டு கோடா இருக்கு?"

"ஜூன்ல ஆடுச்சு" என்றார் இவாவோ. "நான் இழை போட்டுக் கட்டியிருக்கணும். என் தப்பு."

கென்சாகு விரலைத் தகட்டின்மேல் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு இழுத்தார்.

"நகந்திருக்கான்" என்றார்.

தமாயோ தலையைக் குனிந்துகொண்டார். கென்சாகு அவர் பக்கம் திரும்பவில்லை, விரலையும் எடுக்கவில்லை.

இவாவோ காகிதப் பட்டைச் சுருளை வெளியே எடுத்தார். பிறகு எப்போதும்போல, "சரியா?" என்றார்.

"சரி" என்றார் கென்சாகு. தமாயோ தலையசைத்தார்.

இவாவோ சட்டத்தைக் கவிழ்த்து, நான்கு பக்கமும் பசை தடவி, காகிதப் பட்டையை ஒட்டினார். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினார். தும்பிகள் உள்ளே மறைந்தன.

"எங்க மாட்டணும்?" என்று கேட்டார்.

"செருப்பு அலமாரிக்கு மேல" என்றார் தமாயோ.

அங்கே வெயில் வராது. இவாவோ அளவு நாடாவுக்காகக் கருவிப் பைக்குள் கைவிட்டார். அதற்குள் கென்சாகு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுவரில் கையை வைத்து மேலும் கீழுமாக நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அவன் தலை இங்கதான் வரும். இல்ல?"

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார் தமாயோ. "கடைசி வருஷம் வளந்திருந்தான்."

கென்சாகு கையை ஏற்றினார். பொதுவாகச் சட்டம் மாட்டுகிற உயரத்தைவிட அது அதிகம். பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டியிருக்கும். இவாவோ நாடாவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஆணியை மட்டும் நீட்டினார்.